நர்ஸம்மா போட்ட நோயாளி வேடம்

சர்ஜன் அறையில் ஒருவர் பொய் சொன்னார். பக்கத்தில் ஒருத்தி அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். போன வாரம் அங்கேதான் அவர்களை விட்டுவிட்டு வந்தோம்.

பொய் சொன்னவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு அடுத்த மாதம் ஹெர்னியா ஆபரேஷன். "சிகரெட் பழக்கம் உண்டா?" என்று சர்ஜன் கேட்டதற்கு, "எங்கப்பா போன அன்னைக்கே விட்டாச்சு டாக்டர்" என்றார், காலரை இழுத்துவிட்டுக்கொண்டு.

சும்மா உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி. வேறொரு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டின் மூத்த நர்ஸ். வார்டில் அவள் சிஸ்டர், தெருவில் நர்ஸம்மா. நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

சிகரெட்டை நிறுத்தாமல் ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுத்தால் காயம் ஆற நாளாகும், இருமி இருமியே தையல் பிரியும் என்று எத்தனையோ பேரிடம் எடுத்துச் சொன்னவள் அவள். சொந்தப் புருஷன் விஷயத்தில் மட்டும் மென்று முழுங்கிவிட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. மெக்கானிக்கின் அப்பா நுரையீரல் நோயில் கிடந்து மூச்சுக்குத் தவித்த கடைசி நாளில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு "இனிமே தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தார் மகன். செய்யச் சொன்னது தங்கை. நாற்பது வயதைத் தொட்டும் வீட்டில் அவளுக்குப் பேர் பாப்பா. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்தகம் அவள் பொறுப்பில் இருக்கிறது. அங்கே அவள் குரலை உயர்த்தினால் டாக்டர்களே கையெழுத்தைத் திருத்தி எழுதுவார்கள் என்று பேச்சு.

அந்தப் பாப்பாதான், அப்பா போன மறுநாள், நாலு பேர் இருக்கும்போது, "வீட்டுலயே ஒரு நர்ஸ் இருந்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்டாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்றது. எட்டு மாதமாகிறது.

இன்று வியாழக்கிழமை. மெக்கானிக் வாசலில் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கும் அந்த ஆன்லைன் கிளாஸ் இருக்கா?"

"இருக்கு. இன்னைக்குப் பேசிப் பழகணுமாம்."

"எதைப் பத்தி?"

"பேஷண்ட்டை எப்படிச் சிகரெட்டை விட வைக்கிறதுன்னு."

"நல்ல விஷயம்தான்" என்றார் நிமிராமலே. "ஜனங்க கொஞ்சம் திருந்தணும்."

அவர் போன பிறகு, கொடியில் காய்ந்த அவருடைய யூனிஃபார்ம் சட்டையை நர்ஸம்மா எடுத்து மடித்தாள். எட்டு மாதமாகத் தன் சட்டையைத் தானே துவைத்துக்கொள்கிறார். எதிர்வீட்டு அம்மாள், "இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்று அடிக்கடி பெருமூச்சு விடுவாள். சட்டையை எதற்காக அவரே துவைக்கிறார் என்று நர்ஸம்மாவுக்குத் தெரியும். வாசனைக்கு இரண்டு சோப்புப் போட்டாலும் மூக்கு என்று ஒன்று இருக்கிறதே.

மூன்று மணிக்கு வகுப்பு.

வார்டில் உட்கார்ந்து கேட்க இடமில்லை. போர்வையும் படுக்கை விரிப்பும் அடுக்கி வைக்கும் துணி அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, கையுறைப் பெட்டிமேல் செல்போனைச் சாய்த்து வைத்தாள். "கட்டாயம் எல்லாம் இல்ல, ஆனா யாரும் சேராம இருக்கக் கூடாது" என்று மேட்ரன் சொல்லி எல்லோரையும் சேர்த்துவிட்ட பயிற்சி இது. பல ஆஸ்பத்திரிகளிலிருந்து நர்ஸுகள், மருந்தாளுநர்கள், பல் டாக்டர்கள், பிசியோதெரபிஸ்ட்டுகள் என்று திரை முழுக்கச் சின்னச் சின்ன முகங்கள். பேருக்குப் பதில் எல்லோருக்கும் ஓர் எண்தான். ஒருவர் கேமராவில் மின்விசிறி மட்டும் சுற்றியது. இன்னொருவர் மியூட் போட மறந்து, "பால் பொங்குது, அடுப்பை அணை!" என்று கத்த, அத்தனை பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் சிரிப்பு.

பயிற்சி கொடுப்பவர் ஒரு நெஞ்சக டாக்டர். நரைத்த தலை, சிரிக்காமலே வேடிக்கை பேசும் அம்மாள்.

"போன வகுப்புல நான் ஒரு கேள்வி கேட்டேன். சிகரெட்டை விடுங்கன்னு இதுவரைக்கும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்கன்னு. நூறு, ஐந்நூறுன்னு எழுதினீங்க. அதுல எத்தனை பேர் விட்டாங்கன்னு கேட்டேன். உடனே பாதிப் பேருக்கு நெட் போயிடுச்சு."

மறுபடி சிரிப்பு.

"கெடுதல்னு தெரியாம யாரும் பிடிக்கல. பாக்கெட் மேலயே போட்டிருக்கு. அதனால சொல்றதை நிறுத்துங்க, கேளுங்க. முதல்ல, பேசலாமான்னு அனுமதி கேளுங்க. அப்புறம் கேள்வி. அப்புறம் வாயை மூடிக்கிட்டு இருங்க. கஷ்டமானது அதுதான். இப்ப உங்களை ரெண்டு ரெண்டு பேரா தனி அறைக்கு அனுப்புறேன். ஒருத்தர் ஆலோசகர், ஒருத்தர் நோயாளி. நோயாளியா வர்றவங்க கற்பனை பண்ணாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆளை மனசுல வெச்சுப் பேசுங்க."

நர்ஸம்மா ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தாள். வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கும் வாட்ச்மேன். நல்ல வாயாடி. அவரை வைத்து ஒப்பேற்றிவிடலாம்.

திரை ஒரு நொடி கறுத்தது. பிறகு இரண்டே இரண்டு கட்டங்கள். ஒன்றில் நர்ஸம்மா, பின்னால் போர்வை அடுக்கு. இன்னொன்றில் வெள்ளைக் கோட்டு, மருந்து அலமாரி, நடுவில் பாப்பா.

இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

பாப்பாவின் கை வெளியேறும் பொத்தான் பக்கம் நகர்ந்தது திரையில் தெரிந்தது. நர்ஸம்மாவின் விரலும் அங்கேதான் இருந்தது. ஆனால் வெளியேறினால் மறுபடி முதல் வகுப்பிலிருந்து உட்கார வேண்டும். பால் பொங்குவதையெல்லாம் இரண்டாம் முறை கேட்க இருவருக்குமே தெம்பில்லை.

"கேக்குதா?" என்றாள் பாப்பா.

"கேக்குது."

"இங்க ஆலோசகர்னு போட்டிருக்கு."

"இங்க பேஷண்ட்னு."

"அப்ப ஆரம்பிச்சிடலாம். நேரம் ஓடுது."

நீ-யும் இல்லை, நீங்க-வும் இல்லை. சண்டை போட்டுக்கொண்டவர்களுக்கென்றே நம் மொழி இந்த வசதியை வைத்திருக்கிறது.

பாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வணக்கம். உங்க சிகரெட் பழக்கத்தைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா? உங்களுக்கு இஷ்டம்னா மட்டும்."

"பேசலாம்."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"வாட்ச்மேன்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு பிடிப்பீங்க?"

"ஒரு பாக்கெட். சில நாள் கூடவும் ஆகும்."

"காலைல எழுந்ததும் முதல் சிகரெட் எப்ப?"

"எழுந்த உடனே. குப்பையைக் கொட்டிட்டு வர்றேன்னு கீழ போயிடுவேன். எங்க வீட்டுல எல்லா வேலைக்கும் சண்டை உண்டு, குப்பை கொட்டுறதுக்கு மட்டும் கிடையாது."

பாப்பாவுக்கே உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "வேலை நேரத்துல?"

"மேல மோட்டார் ரூம் இருக்கே, அங்க யாரும் ஏறி வர மாட்டாங்க. கதவைச் சாத்திக்கிட்டு ஜன்னலோரமா நின்னு..."

சொன்ன பிறகுதான் உறைத்தது. வாட்ச்மேனுக்கு லிஃப்ட் மோட்டார் ரூமில் என்ன வேலை?

சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்.

பாப்பாவின் பேனா நின்றுவிட்டது. தலை நிமிரவில்லை. மருந்தகத்தில் யாரோ எதற்கோ கூப்பிட, இவள் கையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றாள். நர்ஸம்மா அப்போதே சிரித்து மழுப்பி, "தப்பா சொல்லிட்டேன், காவல் கூண்டுல" என்று மாற்றியிருக்கலாம். வாய் வரவில்லை.

"சரி" என்றாள் பாப்பா. அதே ஆலோசகர் குரல், கொஞ்சம் தணிந்து. "இது வீட்டுல யாருக்குத் தெரியும்?"

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நர்ஸம்மா நிறுத்தவில்லை.

"வீட்டுக்காரிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கா."

"ஏன் அப்படி?"

"கேட்டா நான் இல்லைன்னு சாதிப்பேன். அப்புறம் அதை நம்பின மாதிரி அவ நடிக்கணும். அதுக்குக் கேக்காமலே இருக்கலாம்னு நினைச்சிருப்பா."

"உதவி கேட்டிருக்கலாமே. எங்களை மாதிரி ஆளுங்க இருக்கோம். மருந்து இருக்கு."

"யார்கிட்ட போய்க் கேக்குறது? நான்தான் விட்டாச்சே! எல்லாரும் பாக்க, எங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு விட்டாச்சு. விட்டவன் எப்படிங்க மறுபடி விடுறது?"

திரையில் பாப்பா கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். போட்டுக்கொள்ளவில்லை.

"எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா" என்றாள் நர்ஸம்மா. அவள் குரல் இப்போது வாட்ச்மேன் குரலும் இல்லை, மெக்கானிக் குரலும் இல்லை. "அவளுக்குத் தெரிஞ்சா அப்பாவை இன்னொரு தடவை பறிகொடுத்த மாதிரி ஆயிடும். அந்தப் பயத்துலதான் இவ்வளவும்."

பிறகு பாப்பா எதிரில் இருந்த தாளை எடுத்து, கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள்.

"விடணும்ங்குற ஆசை உங்களுக்கு எவ்வளவு இருக்கு? பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"ஏழு."

"ஏன் ஏழு? ஏன் நாலு இல்ல?"

இந்தப் பயிற்சியிலேயே பெரிய சூட்சுமம் இந்தக் கேள்விதான் என்று டாக்டர் அம்மாள் போன வாரம் சொல்லியிருந்தார். 'ஏன் பத்து இல்லை' என்று கேட்டால் ஆள் சாக்குச் சொல்வான். 'ஏன் நாலு இல்லை' என்று கேட்டால் விடுவதற்கான காரணத்தை அவன் வாயாலேயே சொல்வான்.

நர்ஸம்மா வாயைத் திறந்தாள். மெக்கானிக்கின் ரத்த அழுத்தம் அவளுக்குத் தெரியும். எந்தச் செருப்பு எந்தக் காலைக் கடிக்கும் என்று தெரியும். கோபம் வந்தால் முதலில் எந்தக் காது சிவக்கும் என்றுகூடத் தெரியும். இது தெரியவில்லை.

"தெரியல" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

"தெரியல பாப்பா. நான் அவரைக் கேட்டதே இல்ல. திட்டியிருக்கேன், அழுதிருக்கேன், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்திருக்கேன். கேட்டதே இல்ல."

அந்த நேரம் பார்த்துத் திரையில் மூன்றாவதாக ஒரு கட்டம் முளைத்தது. நரைத்த தலை.

"எப்படிப் போகுது? பேஷண்ட் ஒத்துழைக்கிறாரா?"

"ரொம்ப நல்லா ஒத்துழைக்கிறார் டாக்டர்" என்றாள் பாப்பா மூக்கை உறிஞ்சியபடி.

டாக்டர் அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆலோசகர் அழக் கூடாதுன்னு விதி ஒன்னும் கிடையாது. ஆனா டிஷ்யூவை முதல்ல பேஷண்ட்டுக்குக் கொடுக்கணும்." சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

திரையின் மேல் அறிவிப்பு வந்தது. அறை மூடப் போகிறது.

"அடுத்த மாசம் அவருக்கு ஹெர்னியா ஆபரேஷன்" என்றாள் நர்ஸம்மா அவசரமாக. "சர்ஜன்கிட்டயும் விட்டாச்சுன்னு சொல்லிட்டார்."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"இருந்தும் ஏன் அண்ணி..."

அறை மூடிக்கொண்டது. மறுபடி திரை நிறைய முகங்கள். அதில் பாப்பா எந்த மூலையில் இருக்கிறாள் என்று தேடுவதற்குள் வகுப்பு முடிந்தது.

ஊருக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நர்ஸம்மா மாலை வீடு திரும்பியபோது, மூன்றாம் மாடிப் படியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பாப்பா உட்கார்ந்திருந்தாள்.

"நான் சண்டை போட வரல" என்றாள் எழுந்தபடி. பிறகு தானே திருத்தினாள். "கிளம்பும்போது சண்டை போடத்தான் கிளம்பினேன். இத்தனை படி ஏறினதுல மூச்சு வாங்கி, கோபம் பாதி இறங்கிடுச்சு."

"உள்ள வா."

எட்டு மாதத்துக்குப் பிறகு வந்தவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். நாற்காலி அதே இடத்தில். அப்பாவின் கட்டில் இருந்த மூலையில் இப்போது தையல் மெஷின். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு நான் அப்படிக் கேட்டது..."

"அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் நர்ஸம்மா. பேசவேண்டாம் என்று சொல்லவில்லை. "இப்ப அவர் வர்ற நேரம்."

இருவரும் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். திட்டக் கூடாது. அனுமதி கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். நடுவில் குறுக்கிடக் கூடாது. முக்கியமாக அப்பா பேச்சை எடுக்கக் கூடாது.

"நான் பேசவே மாட்டேன் அண்ணி. நீங்களே கேளுங்க" என்றாள் பாப்பா.

சாவி திரும்பியது. கதவு திறந்தது. "அட, பாப்பாவா! அதான் மேகம் கறுத்துக்கிட்டு வருது!" என்று மெக்கானிக் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். நின்றவர் சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "இரு, முகம் கழுவிட்டு வர்றேன்" என்று குளியலறைப் பக்கம் நடந்தார்.

"அண்ணா, நில்லு."

"என்ன?"

"ஊதிக் காட்டு."

"என்னது?"

"வாயைத் திறந்து ஊது."

"போலீஸ் வேலைக்கு எப்ப சேர்ந்த?"

"ஊது அண்ணா! அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னியே! அவர் மூச்சு நிக்கிற வரைக்கும் உன் முகத்தைத்தானே பாத்துக்கிட்டு இருந்தார்! வெட்கமா இல்ல?"

போட்ட திட்டம் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

மெக்கானிக் தங்கையைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். "நீ சொன்னியா?"

"சொன்னேன்."

"எப்ப?"

"இன்னைக்குக் கிளாஸ்ல."

"கிளாஸ்லயா? ஊரே உட்கார்ந்திருக்குற கிளாஸ்ல என் மானத்தை வெச்சா பாடம் நடத்தினீங்க?"

"பாப்பா மட்டும்தான் இருந்தா. அதுவும் இவதான்னு எனக்குத் தெரியாது. நான் வேற ஆளா நடிக்கத்தான் போனேன். நீங்க வந்துட்டீங்க."

அவருடைய இடது காது சிவந்துவிட்டது. இறக்கி வைத்த கருவிப் பையை மறுபடி தோளில் மாட்டினார். "ரெண்டு பேரும் நல்லா பேசிக்கிட்டு இருங்க. எனக்கு வேலை இருக்கு."

கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். பாப்பா எழுந்து குறுக்கே போகப் பார்த்தாள். நர்ஸம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"போகணும்னா போங்க" என்றாள் கணவனிடம். "தடுக்கல. அதுக்கு முன்னாடி உங்களை ஒன்னு கேக்கலாமா? வேண்டாம்னா கேக்கல."

இப்படி ஓர் அனுமதியை அவள் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. கேட்ட விதத்திலேயே அவர் கொஞ்சம் திகைத்துப் போனார்.

"என்ன?"

"உங்களுக்கு விடணும்னு ஆசை இருக்கா? பத்துக்கு எவ்வளவு?"

"இதென்ன, இங்கயும் கிளாஸா?"

"ஆமா. சொல்லுங்க."

"எட்டு" என்றார் வெடுக்கென்று.

"நான் ஏழுன்னு நினைச்சிருந்தேன். ஏன் எட்டு? ஏன் நாலு இல்ல?"

கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பாமல் கிளம்பாமல் இருமியது. பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பாப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நர்ஸம்மா அவள் மணிக்கட்டை அழுத்தினாள். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம் என்று டாக்டர் அம்மாள் சொன்னது சும்மா இல்லை. நர்ஸம்மாவுக்கு நாக்கு நுனியில் பத்து வாக்கியம் வந்து நின்றது. பத்தையும் முழுங்கினாள்.

மெக்கானிக் பையைக் கீழே வைத்தார்.

"விசில் அடிக்குது" என்றார்.

"எங்க?"

அவர் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். "படுத்தா கேக்குது. முதல்ல ஜன்னல்ல காத்துன்னு நினைச்சேன். எழுந்து போய்ச் சாத்தினேன். அப்பவும் கேட்டுச்சு. அப்பாவுக்கு வந்துச்சே, அதே சத்தம். உள்ள யாரோ ஒரு குழந்தை ஊதல் ஊதுற மாதிரி."

மூன்று மாதமாக அவர் கூடத்தில்தான் படுக்கிறார். உள்ளறை மின்விசிறி கடகடவென்கிறது, தூக்கம் வரவில்லை என்று ஒரு நாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் திரும்பிப் போகவில்லை. சர்தான், மனுஷனுக்கு நாம் அலுத்துவிட்டோம் என்று நர்ஸம்மா நினைத்துக்கொண்டாள். அதையும் கேட்கவில்லை.

"உனக்குக் கேட்டுடும்னுதான் இங்க வந்து படுத்தேன்" என்றார். "நீ நர்ஸாச்சே. ஒரு தடவை கேட்டா போதும், கண்டுபிடிச்சுடுவ."

நர்ஸம்மா ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்கார்ந்தார்.

"நான் விடாம இல்ல பாப்பா" என்றார் தங்கையிடம், இப்போது நேராகப் பார்த்து. "தனியா மூணு தடவை விட்டுப் பாத்தேன். ரெண்டாம் நாளே கை நடுங்குது, கவனம் நிக்க மாட்டேங்குது. நான் பாக்குறது மத்தவங்க ஏறி இறங்குற லிஃப்ட். ஒரு வயரை மாத்திச் சொருகினா யாரோ ஒருத்தர் உயிரு போயிடும். அதான் மேல போய் ஒன்னு பத்த வெச்சுடுவேன். கை நிதானத்துக்கு வந்ததும் இறங்கி வேலையைப் பாப்பேன்."

"அதுக்குத்தானே அண்ணா பட்டை இருக்கு!" பாப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "தோள்ல ஒட்டிக்கிட்டா, உடம்பு கேக்குற நிகோட்டின் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போய்க்கிட்டே இருக்கும். நடுக்கமும் தவிப்பும் அடங்கும். ரொம்பக் கேட்டா வாயில போட்டுக்க மாத்திரை மாதிரி ஒன்னு இருக்கு. அப்புறம் மெல்ல மெல்லக் குறைக்கலாம். உன் சர்ஜனைக் கேட்டுட்டு ஆரம்பிக்கலாம். தனியா பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் விடணும்னு உனக்கு யார் சொன்னது?"

"நீதான்."

பாப்பா நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

"சத்தியம் பண்ணுன்னு நீதானே சொன்ன. இப்பவே, இந்த நிமிஷமே, ஒரேயடியா."

அவள் தலையை ஆட்டினாள். "ஆமா. நான்தான் சொன்னேன். வர்றவன் போறவனுக்கெல்லாம் மருந்து கொடுக்குறேன். உனக்குச் சத்தியத்தை மட்டும் கொடுத்துட்டுப் போயிட்டேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாக மாறியது. நீளமான இருமல். ஒரு கையால் வயிற்றுப் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருமினார்.

அடங்கியதும் நர்ஸம்மா அலமாரியிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வந்தாள். வீட்டில் பிரஷர் பார்க்க வைத்திருப்பது. "முதுகைக் காட்டுறீங்களா?"

இந்த முறை அவர் கேள்வியைக் கேலி செய்யவில்லை. சட்டையைக் கழற்றித் திரும்பி உட்கார்ந்தார்.

"மெதுவா இழுத்து விடுங்க."

வலது பக்கம் மேலே விசில் கேட்டது. அவர் சொன்னது சரி, குழந்தை ஊதல்தான். கீழேயும் கேட்டது. இடது பக்கம் மேலே கேட்டது. இடது பக்கம் கீழே வைத்தாள்.

எடுத்தாள். ஸ்டெதாஸ்கோப்பின் முனையை விரலால் தட்டிப் பார்த்தாள். காதில் சரியாகத்தான் கேட்டது. மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"இன்னொரு தடவை இழுங்க."

விசிலும் இல்லை, மூச்சும் இல்லை. அந்த இடத்தில் மட்டும் யாரோ கதவைச் சாத்திவிட்டுப் போன மாதிரி இருந்தது.

பாப்பா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷ உத்தியோகத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் முகத்தை மாற்றாமல் இருக்க நர்ஸம்மா பழகியிருந்தாள். இப்போதும் மாற்றாமல் இருந்திருக்கலாம். "ஒன்னுமில்ல, சளிதான்" என்று சட்டையை எடுத்துக் கொடுத்திருக்கலாம். அவரும் நம்பின மாதிரி இருந்திருப்பார். இந்த வீட்டில் அதற்குப் பழக்கம் இருந்தது.

"என்ன?" என்றார் மெக்கானிக் திரும்பாமலே.

"இடது பக்கம் கீழ மூச்சுச் சத்தம் சரியா கேக்கல."

"அப்படின்னா?"

"என்னன்னு எனக்குத் தெரியாது. சளி அடைச்சிருக்கலாம். வேற ஏதாவதும் இருக்கலாம். காதை வெச்சுக் கேட்டு நான் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்லணும். நாளைக்கே எக்ஸ்ரே எடுத்துடலாம்."

அவர் திரும்பி உட்கார்ந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து போட்டார். இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் உதவிக்குப் போகவில்லை.

"ஆபரேஷன் தள்ளிப் போகுமா?"

"போகலாம்."

"சர்ஜன்கிட்ட நீ சொல்லிடுறியா?"

"நீங்கதான் சொல்லணும். நான் கூட வர்றேன்."

"நானும் வர்றேன்" என்றாள் பாப்பா.

"நீ எதுக்கு? அங்கயும் ஊதிக் காட்டச் சொல்றதுக்கா?" என்றார். மூவருக்கும் சிரிப்பு வந்தது. நீடிக்கவில்லை.

அவர் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, சின்ன வயதில் பரீட்சை எழுத உட்கார்ந்த மாதிரி இருவரையும் பார்த்தார். "சரி. சொல்றேன். எக்ஸ்ரேயும் எடுக்கலாம். ஆனா அதெல்லாம் ஒன்பது மணிக்கு மேல. அதுக்கு முன்னாடி விடிஞ்சுடுமே. விடிஞ்சதும் என் கை தானா தேடும். அந்த நேரத்துல நான் என்ன பண்ணணும், சொல்லுங்க."

நர்ஸம்மாவும் பாப்பாவும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் மூடிக்கொண்டார்கள்.

"நீயே சொல்லு பாப்பா" என்றாள் நர்ஸம்மா.

பாப்பா நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "முதல்ல நீ சொல்லு அண்ணா. எழுந்ததும் எங்க போவ, எந்தப் பக்கம் நிப்ப, கையில வேற என்ன இருக்கும்? ஒன்னு விடாம சொல்லு. நான் நடுவுல பேச மாட்டேன்."

அவர் சொல்ல ஆரம்பித்தார். நர்ஸம்மா டீக்குத் தண்ணீர் வைக்க அடுக்களைக்குள் போனாள். அடுப்பைப் பற்றவைத்தாள், பாத்திரத்தை ஏற்றினாள், சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். கூடத்திலிருந்து அவர் பேசுவது விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் காதுக்குள் மட்டும் அந்த இடது பக்கத்து நிசப்தம் அப்படியே இருந்தது.